அப்பாவை மறுபடி வாசலுக்குக் கொண்டுவந்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

குடியாத்தத்தை ஒட்டிய ஒரு நெசவாளர் தெருவிலிருந்து எழுதுகிறேன். ஐம்பது வருடத்துக்கு மேல் லுங்கித் தறியில் உட்கார்ந்த ஒருவரின் மகள் நான். இந்தக் கடிதத்தில் யார் பெயரும் இருக்காது. பெயர் போடக் கூடாது என்று உங்களில் இரண்டு பேர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டீர்கள். ஒருவர் பெயரை எழுதி இன்னொருவரை விட்டுவிடவும் எனக்கு மனசில்லை. படிக்கும்போது அது நீங்கள்தான் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

2024 வைகாசி ஒன்றாம் தேதி எங்கள் ஊர் கெங்கையம்மன் சிரசு, அம்மனின் தலையை ஊர்வலமாகக் கொண்டுவரும் திருவிழா, முடிந்தது. நான்காம் நாள் விடியற்காலையில் அப்பா பாயிலிருந்து எழப் பார்த்து இடப்பக்கமாகச் சரிந்தார். வாய் கோணிவிட்டது. பக்கவாதம். அப்போது வயது 71. அம்மா போய் ஆறு வருடமாகிறது. பேரணாம்பட்டு பக்கம் ஷூ கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்த நான், வேலையை விட்டுவிட்டு அப்பா வீட்டுக்கே வந்துவிட்டேன். ஒரு மருத்துவமனையில் 11 நாள் இருந்தோம். உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள், அதை மறக்கவில்லை. ஆனால் வீட்டுக்கு அனுப்பும்போது மாத்திரைச் சீட்டைத் தவிர வேறு எதுவும் சொல்லித் தரவில்லை. ஒரு ஆளை எப்படிப் புரட்டிப் படுக்கவைப்பது, எப்படிச் சோறு ஊட்டுவது, எதுவும் எனக்குத் தெரியாது. வந்த இரண்டாவது வாரமே வால் எலும்பு மேல் ஐந்து ரூபாய் காசு அளவுக்குப் படுக்கைப்புண். அதைப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதைவிட இன்னொன்று என்னை அரித்தது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அப்பாவின் தலைக்கு மேலாக என்னிடம்தான் பேசினார்கள். "சாப்பிடறாரா? ஆள் அடையாளம் தெரியுதா?" அவருக்குப் பேச்சு குழறியதே தவிர, புத்தியில் ஒரு குறையும் இல்லை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கூரையைப் பார்த்தபடி படுத்திருப்பார்.

முதலில் அவரிடம் பேசியவர் மக்களைத் தேடி மருத்துவத்தில் வேலை செய்யும் அக்கா. 2021 ஆகஸ்டில் அந்தத் திட்டம் தொடங்கியதிலிருந்து எங்கள் தெருவில் பிரஷர், சர்க்கரை இருப்பவர்களுக்கு வீடு தேடி வந்து மாத்திரை கொடுப்பவர். அப்பாவுக்கும் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார். உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று அப்பா மாத்திரையை டப்பாவிலேயே சேர்த்துவைத்திருந்தது எங்களுக்கெல்லாம் பிறகுதான் தெரிந்தது. அக்கா, நீங்கள் அதற்காக ஒரு வார்த்தை திட்டவில்லை. பாய் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, முகத்துக்கு நேராகக் குனிந்து, "ஐயா, நான்தான். இன்னா இப்படிப் படுத்துட்டீங்க? தறி காத்துக்கினு கெடக்கு" என்றீர்கள். விழுந்த பிறகு அப்பா முதல் தடவையாக அன்றைக்குத்தான் அழுதார். எனக்குப் பயமாக இருந்தது. "அழட்டும்மா, நல்லதுதான்" என்றீர்கள். மறுநாளே நோய் ஆதரவு செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வருவதற்கு எழுதிப் போட்டீர்கள்.

அந்தச் செவிலியர் அம்மாவுக்கு என்ன சொல்லி நன்றி சொல்வேன்? உப்புப் போட்டுக் கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீரில் புண்ணை எப்படிக் கழுவுவது என்று என் கையைப் பிடித்துச் செய்ய வைத்தார். சிவந்திருக்கிற இடத்தைத் தேய்க்கவே கூடாதாம். நான் அதுவரை எண்ணெய் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பக்கம் மாற்ற வேண்டும், ராத்திரியிலும். கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைத்து, குதிகாலுக்கும் பாய்க்கும் நடுவே உள்ளங்கை நுழைகிறதா என்று பார்க்கச் சொன்னார். இன்றைக்கும் ராத்திரி விளக்கை அணைக்கும் முன் என் கை தானாக அங்கே போய்ப் பார்க்கும். புண் ஆற இரண்டரை மாதம் ஆனது. ஒவ்வொரு தடவை கட்டு மாற்றும்போதும் அவர் அப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் தொடுவார். "ஐயா, இப்போ கொஞ்சம் எரியும், சரியா?"

இயன்முறை மருத்துவர் தம்பி வயதில் சின்னவர். முதல் நாள் நான் அப்பாவின் இடக்கையைப் பிடித்துத் தூக்கி உட்காரவைத்ததைப் பார்த்துப் பதறிவிட்டார். வலுவில்லாத கையைப் பிடித்து இழுத்தால் தோள் மூட்டு இறங்கிவிடுமாம். கொடியில் காய்ந்துகொண்டிருந்த லுங்கியை எடுத்து, நீளவாக்கில் மடித்து, அப்பாவின் இடுப்பைச் சுற்றிக் கட்டினார். இரண்டு பக்கமும் அதைப் பிடித்து, "தாத்தா, மூணு எண்ணுவேன், நீங்களும் எழும்பணும்" என்றார். அப்பா எழுந்தார். அவரே நெய்த லுங்கி அது. இழுத்த இழுப்புக்கு ஒரு இழை பிரியவில்லை. அப்பா அதைக் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றது என் கண்ணைவிட்டு அகலாது.

சாப்பாடும் தம்பி சொல்லித்தான் மாற்றினேன். நிமிர்ந்து உட்காரவைத்து, முகவாயைக் கொஞ்சம் கீழே இறக்கச் சொல்லி, வலப்பக்க வாயில் கொடுக்க வேண்டும். தண்ணீர் குடித்தால் புரை ஏறும், கெட்டியாக இருந்தால் ஏறாது. அதனால் கேழ்வரகுக் கூழ் கெட்டியாகக் காய்ச்சிக் கொடுத்தேன். அந்தக் கூழ்தான் அப்பாவைத் தேற்றியது.

அவர் சொல்லித்தான் வேலூர் பாகாயம் போனோம். சி.எம்.சி. மருத்துவமனையின் மறுவாழ்வு மையம் அங்கே 1966-லிருந்து இருக்கிறது. எங்களுக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலியில் இருந்த ஒரு அண்ணன்தான் அதன் கதையைச் சொன்னார். டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் நடந்த விபத்தில் இடுப்புக்குக் கீழே இயக்கம் இழந்தவர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்திருக்கிறார். பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்து வந்து இந்த மையத்தை உருவாக்கியவரும் அவர்தானாம். இத்தனை வருடம் வேலூருக்குப் போய்வந்தும் இது எனக்குத் தெரியாது. அந்த அண்ணன் அப்பாவிடம், "பெரியவரே, காலு போனா போவட்டும், வேலை போவக்கூடாது" என்றார். அண்ணா, ஊர் எது என்றுகூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. இதைப் படிப்பீர்களா என்று தெரியாது. அந்த ஒரு வார்த்தையை அப்பா இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அங்கே கைப்பயிற்சி கொடுத்த அம்மா முதலில் கேட்டதே, "ஐயா, என்ன தொழில் செய்தீங்க?" என்றுதான். தறி என்றதும் கை, கால் எது எது என்ன செய்யும் என்று விவரம் கேட்டார். குழியில் கால் மிதிக்கணும், ஒரு கை, நூலைக் கொண்டுபோகும் நாடாவின் கயிற்றை இழுக்கணும், இன்னொரு கை பலகையை அடிக்கணும். இடப்பக்கம் இப்படி இருக்கும்போது அது முடியாது. "தார் சுத்துவீங்களா?" என்று அவரே கேட்டார். வலக்கை ராட்டையைச் சுற்ற, இடக்கை நூலைப் பிடித்தால் போதும். தார் சுற்றுவது, அதாவது நாடாவுக்குள் வைக்கிற சின்னக் குழலில் நூலைச் சுற்றுவது, எங்கள் தெருவில் பெண்களும் பிள்ளைகளும் செய்கிற வேலை. அப்பா கோபப்படுவாரோ என்று நினைத்தேன். அவர் தலையாட்டினார்.

சக்கர நாற்காலி ஏறி இறங்கப் பாகாயத்தில் சொன்ன இன்னொரு கணக்கு: வாசல் ஒரு அங்குலம் உயரம் என்றால் சாய்தளம் 12 அங்குலம் நீளம் வேண்டும். எங்கள் வாசல் தெருவைவிட 9 அங்குலம் உயரம். அப்படியானால் 9 அடி. அத்தனை இடத்துக்கு எங்கே போவது? பக்கத்து வீட்டு அத்தை தன் துவைகல்லையே பெயர்த்துப் பின்பக்கம் போட்டுக்கொண்டார். அத்தை, முப்பது வருடம் அந்தக் கல்லில்தான் துவைத்தீர்கள். கொத்தனார் மாமா சிமென்டுக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டு, கூலி என்ற பேச்சையே எடுக்கவிடவில்லை. எதிர்வீட்டு அக்கா தினமும் மதியம் இரண்டு மணி நேரம் அப்பாவோடு இருந்ததால்தான் என்னால் தையல் மிஷினில் உட்கார முடிந்தது, சில நாள் வெறுமனே தூங்க முடிந்தது. அக்கா, அந்தத் தூக்கத்துக்கு ஈடாக நான் எதையும் தந்துவிட முடியாது.

அலுவலக வேலைகள்தான் என்னை அதிகம் அலைக்கழித்தன. ஒரு இடத்தில் ஆளை நேரில் கூட்டி வந்தால்தான் ஆகும் என்று மூன்று தடவை திருப்பி அனுப்பினார்கள். மாடியில் இருக்கிற அலுவலகம் அது. நான்காவது தடவை ஆட்டோவில் அப்பாவை உட்காரவைத்துவிட்டுக் கீழேயே நின்று அழுதேன். அங்கே வேலைக்குப் புதிதாக வந்திருந்த ஒரு அம்மா நோட்டும் மைப்பெட்டியும் எடுத்துக்கொண்டு இறங்கி வந்தார். ஆட்டோவுக்குள் குனிந்து, "ஐயா, ரேகை வைக்கிறீங்களா, கையெழுத்துப் போடுறீங்களா?" என்று கேட்டார். அப்பா வலக்கையை நீட்டிப் பேனாவை வாங்கினார். முழுப்பெயரையும் எழுதினார், இனிஷியலோடு.

சத்துவாச்சாரி கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்வுக் கூட்டத்துக்குப் போனபோது, பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் வந்த மாற்றுத்திறனாளி சங்கத்து அண்ணன் மனுவை எழுதிக் கொடுத்தார். எதற்கு எந்தத் தாள், எத்தனை நகல் என்பது அவருக்கு விரல்நுனியில் இருந்தது. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரியில் சான்றிதழ் வாங்கி, அடையாள அட்டை வந்து, இப்போது மாதம் 2000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வருகிறது. முன்பு அது 1500-ஆக இருந்தது என்றும் அவர்தான் சொன்னார். டீக்குக்கூடக் காசு வாங்கவில்லை. "இன்னொரு குடும்பத்துக்கு நீ எழுதிக் கொடும்மா" என்றார். அண்ணா, இதுவரை நான்கு குடும்பத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பிள்ளைகள் கவனிக்காமல் தனியாகக் கிடந்த ஒரு ஆயாவுக்காக 14567 முதியோர் உதவி எண்ணுக்கும் போன் போட்டேன்.

ரேஷன் கடைத் தம்பிக்கும் நன்றி. அப்பா மட்டும் இருக்கிற அட்டை அது. அவருக்குப் பதிலாக நான் வாங்கப் படிவம் இருக்கிறது என்று நீங்களாகவே எடுத்துக் கொடுத்தீர்கள். 2025 ஆகஸ்டில், முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே ரேஷன் கொண்டுவரும் தாயுமானவர் திட்டம் வந்த பிறகு வண்டியே வாசலுக்கு வருகிறது.

ஆட்டோக்கார மாமா, உங்களைக் கடைசியாக எழுதுவது மறந்துபோய் இல்லை. 2025 சிரசுக்கு அப்பாவைக் கூட்டிப்போகலாம் என்று நீங்கள் சொன்னபோது நான் வேண்டாம் என்றேன். அந்தக் கூட்டத்தில் எப்படி? விடியும் முன்பே வந்து, சக்கர நாற்காலியை மடித்துப் பின்னால் கட்டி, ஊர்வலம் வரும் தெருவில் உங்களுக்குத் தெரிந்தவர் வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்தீர்கள். சிரசு வந்தது. அப்பா வலக்கையால் இடக்கையைத் தூக்கிச் சேர்த்துக் கும்பிட்டார்.

இப்போது அப்பா காலையில் இரண்டு மணி நேரம் தார் சுற்றுகிறார். ராட்டையைச் சாய்தளத்துக்கு மேலே வாசலோரமாகப் போட்டிருக்கிறோம். நூல் அறுந்தால் முடிச்சுப் போட மட்டும் நான் வர வேண்டும், அதுவும் இப்போது குறைந்துவிட்டது. போகிறவர் வருகிறவர் நின்று அவரிடம்தான் பேசுகிறார்கள்.

அவர் சுற்றிய தாரில் பக்கத்துத் தறிக்கார அண்ணன் 12 லுங்கி நெய்து கொடுத்திருக்கிறார். நீலமும் வெள்ளையும் கட்டம் போட்டது, அப்பா தேர்ந்தெடுத்த நிறம். உங்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் ஒன்று. நானே கொண்டுவந்து தருகிறேன் என்றேன், அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. தன் கையால்தான் கொடுப்பாராம். காலையில் எப்போது வந்தாலும் வாசலிலேயே இருப்பார்.

அன்புடன்,
தறிக்காரர் மகள்,
குடியாத்தம்