கதவுக்கு என்ன நிறம் என்று கேள்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் போன செவ்வாய்க்கிழமை வந்தது. கண் அறுவை சிகிச்சை முடிந்து பத்து நாள்தான் ஆகிறது. அதிகம் படிக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். உன் கையெழுத்தைப் பார்த்ததும் அதெல்லாம் மறந்துபோய், ஆறு பக்கத்தையும் நின்றபடியே படித்து முடித்தேன். பதில் எழுத ஒரு வாரம் ஆனதற்குக் கண்ணைக் காரணம் காட்ட மாட்டேன். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.

வழக்கைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. அதை வக்கீல் பார்த்துக்கொள்வார். நீ கேட்டது வேறு. சிறையில் இருக்கும் உன் பெரிய மகன், உன்னைப் பார்க்க வர வேண்டாம் என்று மருமகளிடம் சொல்லி அனுப்பியிருக்கிறான், போவதா வேண்டாமா என்று கேட்டிருக்கிறாய். போ. இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை.

என் தம்பி நாலு வருஷம் உள்ளே இருந்தான். அந்த நாலு வருஷமும் நான் உனக்குக் கடிதம் எழுதிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் அதைப் பற்றி ஒரு வரிக்கு மேல் எழுதியதில்லை, நீயும் கேட்டதில்லை. எனக்கு வெட்கம், உனக்குத் தயக்கம். இப்போது நீ ஆறு பக்கம் எழுதிவிட்டாய், அதனால் நானும் எழுதுகிறேன்.

அவனும் முதலில் வராதே என்றுதான் சொன்னான். கோபத்தில் சொல்கிறான் என்று நினைத்தேன். வெகுநாள் கழித்துத்தான் விஷயம் புரிந்தது. பார்க்க வருகிறவர்களை வாசலில் சோதனை போடுவது நமக்குத் தெரியும். பார்த்துவிட்டு நாம் கிளம்பிய பிறகு அவர்களையும் சோதனை போட்டுத்தான் அறைக்குத் திருப்பி அனுப்புவார்கள் என்பதை நான் யோசித்ததே இல்லை. அக்காவோடு இருபது நிமிஷம் பேசியதற்காக ஒருவன் துணியைக் களைந்து நிற்க வேண்டும். அதையும் பொறுத்துக்கொள்ளலாம், அக்கா வெயிலில் வரிசையில் நிற்கிறாள் என்று நினைப்பதைத்தான் தாங்க முடியவில்லை என்றான். உன் மகன் சொல்லும் வராதேயும் இந்த ரகமாகத்தான் இருக்கும்.

சரி, வரிசையைப் பற்றிச் சொல்கிறேன். அங்கே நிற்பவர்களில் பெரும்பாலும் பெண்கள். அம்மா, மனைவி, அக்கா, இடுப்பில் ஒரு குழந்தை. முதல் தடவை நான் போனபோது அடையாள அட்டையில் என் பெயர் ஒரு மாதிரியும், அவன் கொடுத்திருந்த பார்வையாளர் பட்டியலில் வேறு மாதிரியும் இருந்தது. ஒரே ஒரு எழுத்துதான். மூன்று மணி நேரம் நின்ற பிறகு திருப்பி அனுப்பிவிட்டார்கள். இன்னொரு முறை போனால், ஆளே அங்கே இல்லை. நாலு நாளுக்கு முன்பே வேறு சிறைக்கு மாற்றியிருந்தார்கள். எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்கு வாசலில் இருந்த காவலரிடம் நான் கத்திய கத்தலுக்கு, பாவம், அந்த மனிதருக்கு ஒரு சம்பந்தமும் இல்லை.

அதனால் போவதற்கு முன் சில விஷயங்களைக் கேட்டுக்கொள். பட்டியலில் உன் பெயர் எந்த எழுத்தில் இருக்கிறது, எந்தக் கிழமை, எத்தனை மணிக்குள் பதிய வேண்டும், என்ன உடையில் போகலாம், என்ன கொண்டுபோகலாம். இடத்துக்கு இடம் விதி மாறும், ஒரே இடத்திலும் ஆளுக்கு ஆள் மாறும். கைப்பேசியை வெளியே வாங்கி வைத்துவிடுவார்கள். மருந்து, புத்தகம் எதையும் கேட்காமல் எடுத்துக்கொண்டு போகாதே. அட்டை கெட்டியாக இருக்கிறது என்று நான் கொண்டுபோன அகராதியைக்கூடத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அவன் கணக்கில் கொஞ்சம் பணம் கட்டிவிடு. சோப்பு, பற்பசை, தொலைபேசி அழைப்பு என்று எல்லாமே அதிலிருந்துதான் போகும். பணம் கட்ட ஆள் இல்லாதவன் அங்கே எல்லோருக்கும் எடுபிடியாகிவிடுவான்.

பிற்பாடு ஒரு சட்ட உதவி வக்கீல் எனக்கு ஒரு பிரதி கொடுத்தார். 2015 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட 122 விதிகள். நெல்சன் மண்டேலா விதிகள் என்று பெயர். நாட்டுச் சட்டம் மாதிரிக் கட்டாயப்படுத்த முடியாதுதான். ஆனாலும் படித்தபோது எனக்குக் கோபமும் வந்தது, ஒரு தெம்பும் வந்தது. ஒரு கைதியை வேறு இடத்துக்கு மாற்றினால் அவன் உடனே குடும்பத்துக்குத் தெரிவிக்க உரிமை உண்டு, அதற்கு வழியும் செய்துகொடுக்க வேண்டும் என்கிறது 68-ஆம் விதி. முடிந்தவரை வீட்டுக்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டும் என்கிறது 59. ஒழுங்கு நடவடிக்கை என்ற பெயரில் குடும்பத்தோடு தொடர்பே இல்லாமல் செய்துவிடக் கூடாது என்கிறது 43. உன் மகன் இன்னும் விசாரணைக் கைதிதான் இல்லையா? அவர்களுக்கென்று தனியாகவும் சில விதிகள் இருக்கின்றன. தண்டனைக் கைதிகளோடு சேர்த்து வைக்கக் கூடாது, சுத்தமாக இருந்தால் சொந்தத் துணியையே உடுத்திக்கொள்ளலாம் என்றெல்லாம். வக்கீலிடம் கேட்டுப் பார். கேட்பதற்கு ஒரு ஆள் இருக்கிறது என்று தெரிந்தாலே அங்கே நடத்தை கொஞ்சம் மாறும்.

திரும்பிப் படுக்க இடமில்லை என்று அவன் சொன்னதாக எழுதியிருந்தாய். பலரைச் சேர்த்து வைக்கும் அறையில் ஆளுக்குக் குறைந்தது 3.4 சதுர மீட்டர் வேண்டும் என்பது செஞ்சிலுவைச் சங்கத்தின் கணக்கு. படித்த அன்றே தரையில் சாக்பீஸால் கோடு போட்டுப் பார்த்தேன். கிட்டத்தட்ட ஆறடிக்கு ஆறடி. அதற்குள் போய் உட்கார்ந்தும் பார்த்தேன். என் மகள் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டதற்கு, உங்கள் மாமாவின் வீடு என்றேன். அவன் இருந்த அறையில் அந்த அளவும் இல்லை என்பது வேறு விஷயம்.

ஆனால் அவனை வதைத்தது இடம் மட்டும் இல்லை. ராத்திரி முழுக்க எரியும் விளக்கு. யாராவது இருமிக்கொண்டோ கத்திக்கொண்டோ இருப்பது. சாயங்காலமே அறையைப் பூட்டிவிடுவதால் காலை வரை நீளும் அந்த நேரம். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று உண்டு. எப்போது எழுவது, எப்போது சாப்பிடுவது, எப்போது குளிப்பது, எப்போது வெளிச்சத்தில் நடப்பது, இதில் எதையும் அவன் முடிவு செய்ய வேண்டியதில்லை. மணி அடிக்கும், தலை எண்ணுவார்கள், அடுத்த மணி அடிக்கும். நாலு மாதத்தில் மனுஷன் மழுங்கிப்போகிறான். எதைக் கேட்டாலும் "உங்கள் இஷ்டம்" என்பான். அந்த வார்த்தை எனக்குப் பயமாக இருந்தது.

நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். முதல் சந்திப்பில் கிடைத்த இருபது நிமிஷத்தில் பன்னிரண்டு நிமிஷம் அழுதேன். மீதி நேரம், சாப்பிட்டாயா, உடம்பு எப்படி, பயப்படாதே என்று சொன்னதையே சொன்னேன். அடுத்த முறை போனபோது அவன் மெதுவாகச் சொன்னான், "நீ அழுதுவிட்டு பஸ் ஏறிவிடுவாய். நான் அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும்."

அப்புறம் ஒரு நாள் பேச விஷயம் தீர்ந்துபோனது. கம்பி வலைக்கு இரண்டு பக்கமும் நூறு பேர் கத்துகிறார்கள், எங்கள் இருவருக்கும் பேச்சு இல்லை. வாயில் வந்ததைச் சொல்ல வேண்டுமே என்று, "வாசல் கதவு உளுத்துப்போய்ப் புதுசு போட்டிருக்கிறோம், என்ன நிறம் அடிக்கலாம்?" என்று கேட்டேன். நிஜமாகவே ஒரு பேச்சுக்குத்தான். அவன் பதில் சொல்வதற்குள் நேரம் முடிந்துவிட்டது. ஒரு வாரம் கழித்து, பிரித்துப் படித்து முத்திரை குத்திய ஒரு கடிதம் வந்தது. இரண்டு பக்கம். வெளிப்பக்கம் நீலம், உள்பக்கம் வெள்ளை, ஏனென்றால் நடை இருட்டாக இருக்கும். பழுப்பு மட்டும் வேண்டாம், அழுக்கு தெரியாது என்று சொல்லி ஏமாற்றுவார்கள். முதலில் அடிப்பூச்சு காய வேண்டும். அந்த ஒரு வாரமும் அவன் எங்கள் வீட்டில்தான் இருந்திருக்கிறான்!

அன்றிலிருந்து ஒவ்வொரு தடவையும் ஒரு கேள்வியோடுதான் போவேன். தண்ணீர்த் தொட்டியை மாற்றலாமா, ஒட்டுப் போட்டால் போதுமா? மகளை எந்தப் பாடத்தில் சேர்ப்பது? பக்கத்து வீட்டுக்காரர் மரக்கிளையை வெட்டச் சொல்கிறார், வெட்டவா? சில சமயம் சண்டை போடுவான். நான் சொன்னபடி ஏன் செய்யவில்லை என்று முகத்தைத் திருப்பிக்கொள்வான். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருக்கும்.

மண்டேலாவைப் பற்றி அப்போதுதான் படித்தேன். தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவுச் சிறையில் ஆரம்ப காலத்தில் ஆறு மாதத்துக்கு ஒரு சந்திப்பு, ஒரு கடிதம், அவ்வளவுதான். குடும்ப விஷயம் தவிர வேறு பேசக் கூடாது. தாய்மொழியிலும் பேசக் கூடாது. மனைவியைத் தொட்டு அணைத்துக்கொள்ள அவருக்கு 21 வருஷம் ஆனது, 1984-இல் போல்ஸ்மூர் சிறையில். ஆனால் என் மனதில் நின்றது அதுவல்ல. அந்தப் போல்ஸ்மூரின் மொட்டை மாடியில் எண்ணெய் பீப்பாய்களைப் பாதியாக வெட்டி, மண் போட்டுக் காய்கறி வளர்த்தாராம். சிறையில் ஒருவன் தன் இஷ்டப்படி செய்யக்கூடிய மிகச் சில காரியங்களில் தோட்டமும் ஒன்று என்று அவரே சொல்லியிருக்கிறார். எல்லோருக்கும் மாடியும் மண்ணும் கிடைக்காது. என் தம்பிக்குக் கிடைத்தது எங்கள் வீட்டுக் கதவு.

உன்னைச் சிரிக்க வைக்க ஒரு விஷயம். அமெரிக்காவில் மினசோட்டா மாநிலச் சிறைத்துறை 2011-இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. விடுதலையான பதினாறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் கணக்கைப் பார்த்தார்கள். உள்ளே இருந்தபோது யாராவது வந்து பார்த்துப் போனவர்கள், வெளியே வந்த பிறகு மறுபடி பெரிய குற்றத்தில் சிக்குவது 13 சதவீதம் குறைவாம். யார் வந்து பார்த்தால் அதிகப் பலன் என்றும் பார்த்திருக்கிறார்கள். உடன்பிறந்தவர்கள், அப்பா, மதகுருமார், அப்புறம் மாமனார் மாமியார் வகை உறவுகள்! நாம் ஜெயிலையே மாமியார் வீடு என்கிறோம், மாமியார் நேரில் போனால் பலன் என்கிறது ஆய்வு. விவாகரத்தான மனைவியோ கணவனோ வந்து பார்த்தால் மட்டும் நிலைமை மோசமாகிறதாம். சம்பந்தியம்மாவிடம் சொல்லிப் பார், ஒரு தடவை போய்வரட்டும்.

பேரனைப் பற்றி எழுதியிருந்தாய். அப்பா வேலைக்காகத் தூரமாகப் போயிருக்கிறார் என்று சொல்லி வைத்திருக்கிறீர்கள். நாங்களும் அப்படித்தான் சொன்னோம். என் மகளுக்கு அப்போது ஏழு வயது. பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை போட்டு உடைத்துவிட்டது. மாமா உள்ளே இருப்பதற்காக அவள் அழவில்லை, நாங்கள் பொய் சொன்னதற்காக ஒரு மாதம் எங்களோடு சரியாகப் பேசவில்லை. அப்பா எங்கே இருக்கிறார் என்பதை அவன் வயசுக்குத் தகுந்த மாதிரி அம்மாவே சொல்லட்டும். கூட்டிக்கொண்டு போவதற்கு முன், அங்கே என்ன பார்ப்பான் என்றும் சொல்லிவிடுங்கள். நடுவில் வலையோ கண்ணாடியோ இருக்கும், தொட முடியாமல் போகலாம், சத்தமாக இருக்கும், சீக்கிரம் கிளம்பச் சொல்வார்கள் என்று. சில இடங்களில் குழந்தைகள் வந்தால் ஒரே அறையில் உட்கார்ந்து பேச விடுவார்கள். விசாரித்துப் பார்.

என் மகள் முதல் தடவை வந்தபோது எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அவள் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மாமா, உன் சட்டைக்கு ஏன் பையே இல்லை?" என்றாள். அவன் குனிந்து தன் சட்டையைப் பார்த்தான். அதுவரை அவனே கவனிக்கவில்லையாம். அப்புறம் அவள் ஆடிக்கொண்டிருந்த பல்லைக் காட்டினாள், பிடுங்கலாமா தானாக விழட்டுமா என்று கேட்டாள். நானும் அம்மாவும் ஒன்றும் பேசவே இல்லை. நேரம் முழுக்கப் பல்லுக்கே சரியாகப் போனது.

இப்போது தம்பி நன்றாக இருக்கிறான். வேலைக்குப் போகிறான், கொஞ்சம் மௌனம் அதிகம். விடுதலையாகி வந்த அன்றைக்கு வாசலிலேயே ரொம்ப நேரம் நின்றான். நான் உள்ளே வா என்று கையைப் பிடித்தேன். கதவை ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு, "நான் சொன்னது இவ்வளவு அடர்த்தியான நீலம் இல்லை" என்றான்.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது என்று ஆறு பக்கத்தில் ஒரு வரி இல்லை. வரிசையில் நிற்க முடியாவிட்டால் மடக்கு நாற்காலி அனுமதிப்பார்களா என்று கேள். போவதற்கு முன் வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து, அவனிடம் கேட்க ஒன்றைத் தேடி எடுத்துக்கொள். போய்வந்ததும் எழுது. பேரன் என்ன கேட்டான் என்பதையும் விடாமல் எழுது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரி