விளக்கேற்றிய படம் போதும், தேதியை முன்னால் போடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் மதுரைப் பதிப்பில் சட்டக் கல்லூரிகளைப் பற்றியும் பல்கலைக்கழகச் சட்டத் துறைகளைப் பற்றியும் அடிக்கடி செய்தி வருகிறது. மகிழ்ச்சிதான். ஆனால் கவனித்துப் பாருங்கள், எல்லாமே முடிந்துபோன சங்கதி. கருத்தரங்கு நடந்தது, மாதிரி நீதிமன்றப் போட்டி நடந்தது, சட்ட விழிப்புணர்வு முகாம் நடந்தது. நடக்கப்போகிறது என்று செய்தி வந்து, அதைப் படித்துவிட்டு ஒருவர் வேட்டியை மாற்றிக்கொண்டு கிளம்பினார் என்று நான் கேள்விப்பட்டதே இல்லை.

முன்கூட்டி வருவது என்று பார்த்தால் 'இன்றைய நிகழ்ச்சிகள்' பகுதி ஒன்றுதான். அதில் கோயில் சொற்பொழிவுக்கும் இலவசக் கண் பரிசோதனை முகாமுக்கும் நடுவில் ஒற்றை வரி கிடக்கும்: 'சட்ட விழிப்புணர்வுக் கருத்தரங்கு, தலைமை: முதல்வர், ஏற்பாடு: நாட்டு நலப்பணித் திட்டம், காலை 10:00 மணி.' தலைமை யார் என்று தெரிகிறது. என்ன தலைப்பு, தமிழில் பேசுவார்களா, வெளியாட்களை உள்ளே விடுவார்களா, ஒன்றும் தெரியாது. காலையில் பேப்பர் வருகிறது, பத்து மணிக்குக் கூட்டம். உசிலம்பட்டியிலோ கொட்டாம்பட்டியிலோ இருக்கிறவர் எப்போது பஸ் பிடிப்பது?

நான் மதுரைக் கோர்ட்டுகளில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். கேஸ் கட்டும் வாய்தாவுமாகவே காலம் போனது. வேலையை விட்டாலும் ஊர்க்காரர்கள் விடுவதில்லை. ஏதாவது ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். சென்ற ஆண்டு மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வயதான அம்மா மருமகனோடு வந்தார். வீட்டையும் கொஞ்சம் நிலத்தையும் கடைசி மகனுக்குச் செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்திருக்கிறார். இப்போது அவன் சோறு போடுவதில்லை. "கைநாட்டு வச்சுக் குடுத்துட்டேன் தம்பி, இனி ஒண்ணும் பண்ண முடியாதாமே" என்றார்.

பத்திரத்தை வாங்கிப் பார்த்தேன். மூன்றாம் பக்கத்தில், நடுவில், 'செட்டில்மெண்ட் எழுதிக் கொடுப்பவரை ஆயுள்வரை வைத்துக் காப்பாற்ற வேண்டியது' என்று ஒரு வரி இருந்தது. எழுத்தர் வழக்கமாகச் சேர்க்கிற வரி. அதற்கு என்ன பலம் என்று அந்த அம்மாவுக்கும் தெரியாது, கூட வந்தவருக்கும் தெரியாது. 2007-ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவு அதைத்தான் பிடித்துக்கொள்கிறது. காப்பாற்ற வேண்டும் என்ற நிபந்தனையோடு அந்தச் சட்டம் வந்த பிறகு எழுதிக் கொடுத்த சொத்து, வாங்கியவர் கைவிட்டால் அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்கலாம். கோட்டாட்சியரிடம் மனு கொடுத்தால் போதும், வக்கீல் வைத்தாக வேண்டும் என்பதில்லை. மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகைக்கும் உத்தரவு வாங்கலாம். கோட்டாட்சியர் உத்தரவு திருப்தி இல்லை என்றால் ஆட்சியரிடம் மேல்முறையீடு. நிபந்தனை வரி இல்லாத பத்திரமானால் பாடு அதிகம்; உச்ச நீதிமன்றம் வரை அதில் வாதம் நடந்திருக்கிறது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அவர்கள் வந்த அதே வாரம் உங்கள் பக்கத்தில் ஒரு படம். ஒரு கல்லூரியில் மூத்த குடிமக்கள் உரிமைகள் பற்றி ஒருநாள் கருத்தரங்கு. குத்துவிளக்கு, பொன்னாடை, நினைவுப் பரிசு, இடமிருந்து வலமாகப் பெயர்கள். சட்டத்தைப் பற்றி ஒரே ஒரு வரி: 'சட்டத்தின் முக்கியத்துவம் குறித்து எடுத்துரைத்தார்.' அவ்வளவுதான். அந்த அரங்கில் உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும் இருபது வயதுப் பிள்ளைகள். அந்தக் கூட்டம் யாருக்குத் தேவையோ அவர் தாலுகா ஆபீஸ் வாசலில் யாரையாவது கேட்டுக்கொண்டு நின்றிருப்பார்.

சரி, தெரிந்தே போனாலும் உள்ளே விடவேண்டும் அல்லவா? ஒரு கல்வி நிறுவனத்தில், பெயர் வேண்டாம், பொதுமக்களுக்கான சட்ட முகாம் என்று வாசலிலேயே பேனர் கட்டியிருந்தார்கள். எங்கள் தெருக்காரர் ஒருவரை அழைத்துக்கொண்டு போனேன். காவலாளி அடையாள அட்டை கேட்டார். பேனரைக் காட்டினேன். "அது ஸ்டூடன்ட்ஸுக்கு சார்" என்றார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை; அவரிடம் யாரும் சொல்லவில்லை.

இதில் மாணவர்களுக்கும் நஷ்டம் இருக்கிறது. வெளியில் பலருக்கு இது தெரியாது. வக்கீல் தொழிலையும் சட்டப் படிப்பையும் ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சிலின் பாடத்திட்டப்படி சட்ட மாணவர், வழக்கோடு வரும் கட்சிக்காரரிடம் வக்கீல் விவரம் கேட்பதை நேரில் பார்த்து டைரியில் எழுத வேண்டும். இரண்டு வழக்கு விசாரணைகளைக் கோர்ட்டில் உட்கார்ந்து பார்த்துக் குறிப்பெடுக்க வேண்டும். மூன்று தடவையாவது மாதிரி நீதிமன்றத்தில் வாதாட வேண்டும். எங்கள் ஆபீசுக்கு ரெக்கார்டு நோட்டோடு பிள்ளைகள் வருவார்கள். நல்ல பிள்ளைகள், சிலர் சாயங்காலம்வரை உட்கார்ந்து கேட்பார்கள். சிலர் நோட்டுகளைப் புரட்டினால் மூன்றிலும் ஒரே பாகப்பிரிவினை வழக்கு, ஒரே வாதி, ஒரே நாலு சென்ட் நிலம்; கையெழுத்து மட்டும் வேறு. எங்கள் வக்கீல் ஐயா சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்துவிடுவார். அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்லவும் முடியாது. கட்சிக்காரர் பேசுவதைப் பார்க்க அவர்களுக்கு இடமில்லை. இங்கே மேலூர் அம்மாவுக்குச் சொல்ல ஆளில்லை. 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் பல்கலைக்கழகங்களிலும் சட்டக் கல்லூரிகளிலும் சட்ட உதவி மையங்கள் அமைப்பதைப் பற்றிச் சொல்வது இந்த இரண்டு பேரையும் ஒரே மேஜையில் உட்கார வைக்கத்தான். அந்த மையம் வாரத்தில் எந்த நாள், எத்தனை மணிக்குத் திறந்திருக்கும் என்று உங்கள் பத்திரிகையில் ஒரு சின்னப் பெட்டிச் செய்தி வந்தால் என்ன குறைந்துவிடும்?

அப்புறம் மொழி. கீழ்க் கோர்ட்டுகளில் தமிழில் சாட்சி சொல்கிறோம், தீர்ப்பும் தமிழில் வாங்குகிறோம். ஆட்சிமொழிச் சட்டத்தில் 1976-ல் கொண்டுவந்த திருத்தம் அதற்கு வழி செய்திருக்கிறது. ஆனால் மாதிரி நீதிமன்றப் போட்டி என்றால் பெரும்பாலும் ஆங்கிலம், பெரும்பாலும் உச்ச நீதிமன்ற அப்பீல். அதுவும் வேண்டியதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே தமிழில் ஒரு மாதிரி விசாரணை வையுங்கள். ஒரு வரப்புத் தகராறு, ஒரு செக் மோசடி வழக்கு. குறுக்கு விசாரணையைப் பொதுமக்கள் பார்க்கட்டும். கூட்டம் அள்ளும் என்று நான் பந்தயம் கட்டுவேன். எங்கள் ஊர்க்காரர்களுக்குக் குறுக்கு விசாரணை பிடித்த அளவுக்குச் சினிமாவே பிடிக்காது. சிவில் நீதிபதி தேர்வில் மொழிபெயர்ப்புக்கென்றே ஒரு தாள் இருக்கிறது. சாட்சியத்தைத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் மாற்றத் தெரிய வேண்டும். அந்தப் பழக்கம் மாணவர்களுக்கு இப்படித்தானே வரும்.

செய்தி எழுதும் முறையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் சட்டங்கள் வந்தன. கருத்தரங்குகள் நடந்தன, நீங்களும் படம் போட்டீர்கள். ஆனால் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம், எல்லை எங்களுடையது இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது என்று அதில் பேசியவர் சொல்லியிருப்பாரே? மின்னணு முறையில் அனுப்பிய புகாரில் மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும், முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம் என்று சொல்லியிருப்பாரே? அந்த இரண்டு வரியைப் போட்டிருந்தால் பேப்பரைக் கத்தரித்து வைத்திருப்பேன். விருந்தினர் பெயரில் நாலைக் குறைத்தாலே இடம் கிடைத்துவிடும்.

முன்கூட்டித் தகவல் தருவது கஷ்டம் என்று கல்லூரிக்காரர்கள் சொல்லலாம். எல்லாவற்றுக்கும் அப்படிச் சொல்ல முடியாது. நவம்பர் 9 சட்டப்பணிகள் நாள், நவம்பர் 26 அரசியலமைப்பு நாள், டிசம்பர் 10 மனித உரிமை நாள், டிசம்பர் 24 தேசிய நுகர்வோர் நாள். இவை எந்த ஆண்டும் மாறப்போவதில்லை. தேசிய மக்கள் நீதிமன்றம் கூடும் நாட்களும் முன்பே முடிவாகிவிடுகின்றன. அங்கே வழக்கு சமரசமானால் கட்டிய கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும், அப்பீல் கிடையாது. இதைக்கூட வாய்தாவுக்கு அலைகிற பலர் அறியார்கள். சித்திரைத் திருவிழாவுக்குக் கொடியேற்றம் முதல் அழகர் மலை திரும்பும்வரை எந்த நாள் என்ன என்று முன்கூட்டியே பட்டியல் போடுகிறீர்கள். ஊரே அதை வைத்துத்தான் லீவு போடுகிறது. இதற்கும் அப்படி ஒன்று போடுங்கள்.

சேர்க்கைச் செய்தியும் அப்படியே. அரசு சட்டக் கல்லூரிகளில் ஐந்தாண்டுப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு இல்லை, பிளஸ் டூ மதிப்பெண்தான். டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் விண்ணப்பம் வாங்குகிறது. 'கிளாட்' தேர்வு திருச்சியில் உள்ள தேசிய சட்டப் பல்கலைக்கழகம் போன்றவற்றுக்கு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு கோச்சிங்குக்குப் பணம் கட்டிய பெற்றோரை நான் அறிவேன். அறிவிப்பு வந்த மறுநாளே இதைத் தெளிவாக எழுதுங்கள்.

1974-ல் மதுரையில் அரசு சட்டக் கல்லூரி வருவதற்கு முன் சட்டம் படிக்க மதராஸுக்கு ரயிலேறினார்கள். 2004 ஜூலை 24-ல் உயர் நீதிமன்றக் கிளை திறக்கும்வரை அப்பீலுக்கும் அதே ரயில்தான். இப்போது தேனியிலும் ராமநாதபுரத்திலும் காரைக்குடியிலும்கூட அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. இவ்வளவும் பக்கத்தில் வந்த பிறகும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு என்பதும், 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்து கேட்கலாம் என்பதும் மேலூர் அம்மாவுக்கு என் வீட்டுத் திண்ணையில்தான் தெரியவந்தது. அவருடைய மனு இப்போது கோட்டாட்சியர் அலுவலகத்தில் இருக்கிறது.

ஆகவே என் வேண்டுகோள்: வாரம் ஒருநாள், ஞாயிற்றுக்கிழமை பதிப்பிலேயே போதும், வரும் வாரத்துச் சட்ட நிகழ்ச்சிகள் என்று கால் பக்கம் ஒதுக்குங்கள். தலைப்பு, இடம், இறங்க வேண்டிய பஸ் நிறுத்தம், பொதுமக்கள் வரலாமா, தமிழில் நடக்குமா, என்ன காகிதம் கொண்டுவர வேண்டும் என்று இருக்கட்டும். கல்லூரிகளுக்கும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கும் உங்கள் நிருபர் ஒரு போன் போட்டால் விவரம் வந்துவிடும். நவம்பர் நிகழ்ச்சிகளை அக்டோபர் கடைசி வாரத்திலேயே போட்டுவிட்டால், வாடிப்பட்டி, மேலூர்ப் பக்கத்து ஆட்களுக்கு நானே போன் செய்து சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வக்கீல் குமாஸ்தா ஒருவர்,
ஒத்தக்கடை, மதுரை.