சார்ஜர் வயரும் நிராகரிக்கப்பட்ட கிளெய்மும்

பெறுநர்: குறைதீர்ப்பு அலுவலர், உடல்நலக் காப்பீட்டுப் பிரிவு

பொருள்: மனநல சிகிச்சைக்கான கிளெய்ம் இரண்டு முறை நிராகரிக்கப்பட்டது குறித்து

ஐயா / அம்மா,

வணக்கம். ஏழு வருடங்களாக உங்களிடம் குடும்ப பாலிசி வைத்திருக்கிறேன். பிரீமியம் ஒரு தடவைகூடத் தவறியதில்லை. கடந்த ஜூன் மாதம் என் மனைவி கடுமையான மனச்சோர்வுக்காக மருத்துவமனையில் 11 நாட்கள் உள்நோயாளியாக இருந்தார். பில் 86,400 ரூபாய். உங்களிடமிருந்து ஒரு ரூபாய்கூட வரவில்லை.

முதல் கடிதத்தில், 'மனநலக் கோளாறுகள் பாலிசியில் விலக்கப்பட்டவை' என்றீர்கள். உடல் நோய்க்கு எந்த அடிப்படையில் காப்பீடு தருகிறீர்களோ, அதே அடிப்படையில் மனநோய்க்கும் தரவேண்டும் என்கிறது மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 21(4). அது 29.5.2018 முதல் அமலில் இருக்கிறது. மனநோய் சிகிச்சையைப் பாலிசியிலிருந்து விலக்கி வைக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயும் 2019 செப்டம்பரில் சொல்லிவிட்டது. சட்டம் வந்த நாளிலிருந்தே இது காப்பீட்டு நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2021-இல் தீர்ப்பளித்தது. இதையெல்லாம் நான் எழுதி அனுப்ப வேண்டியிருந்தது. சரி, அது போகட்டும்.

அப்புறம் வந்த இரண்டாவது கடிதத்தில் விலக்கு பற்றிப் பேச்சே இல்லை. காரணம் மாறிவிட்டது: 'மாத்திரைகள் மட்டுமே தரப்பட்டுள்ளன. ஊசி, டிரிப்ஸ் இல்லை. கண்காணிப்பு மட்டுமே நடந்துள்ளது. வெளிநோயாளியாகவே சிகிச்சை பெற்றிருக்கலாம்.'

இந்த நாலு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

சேர்த்த அன்று இரவு வார்டு வாசலில் என் மனைவியின் துப்பட்டா, வளையல், செல்போன் சார்ஜர் வயர் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு ரசீது எழுதிக் கொடுத்தார்கள். சார்ஜர் வயர் எதற்கு என்று கேட்க வாயெடுத்தேன். நர்ஸ் முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. முதல் நான்கு நாட்கள் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை வந்து பார்த்து, நேரம் குறித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். விடியற்காலை 3.15, 3.30, 3.45 என்று அந்தத் தாள்கள் முழுக்க இருக்கிறது. அவற்றையும் அனுப்பியிருந்தேன். உங்களுக்காகக் கிளெய்ம்களைப் பரிசீலிக்கும் டிபிஏ நிறுவனத்தில் யாராவது பிரித்துப் பார்த்தார்களா? வீட்டில் தனி ஆளாக இதை நான் எப்படிச் செய்திருப்பேன்?

இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே பாலிசியில் அவருக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன் நடந்தது. காய்ச்சல் வருமோ என்று ஒரு நாள் கூடுதலாக 'அப்சர்வேஷனில்' வைத்தார்கள். அன்று டிரிப்ஸ் இல்லை, மாத்திரைதான். அந்த நாளுக்கான அறை வாடகையையும் சேர்த்து முழுப் பணமும் கொடுத்தீர்கள். வயிற்றுக்காகக் கண்காணித்தால் சிகிச்சை, மனசுக்காகக் கண்காணித்தால் வெறும் கண்காணிப்பா? 'அதே அடிப்படை' என்று சட்டம் சொல்வதை இங்கே எங்கே தேடுவது?

86,400 ரூபாயையும் தாமதத்துக்கான வட்டியையும் தாருங்கள். மறுப்பதானால், என் மனைவியின் கேஸ் தாள்களைப் படித்துப் பார்த்த ஒரு மனநல மருத்துவர் பெயர் போட்டுக் கையெழுத்திட்ட காரணம் வேண்டும். இரண்டு கடிதத்திலும் கையெழுத்தே இல்லை. போன மாதம் வந்த புதுப்பித்தல் பாலிசியிலும் அந்தப் பழைய விலக்கு அப்படியே அச்சாகி இருக்கிறது; அதையும் நீக்கித் திருத்திய பிரதி அனுப்புங்கள்.

30 நாட்களுக்குள் சரியான பதில் வராவிட்டால் காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும், சென்னையில் உள்ள ஆம்புட்ஸ்மேனிடம் போவேன். அங்கே கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை என்பது உங்களுக்கே தெரியும்.

அசல் பில்கள் உங்களிடமே இருக்கின்றன. கண்காணிப்புத் தாள்களின் நகலையும் வார்டு ரசீதின் நகலையும் மறுபடி இணைத்திருக்கிறேன். ரசீதில் மூன்றாவது வரியைப் பாருங்கள்: 'சார்ஜர் வயர் – 1.'

இப்படிக்கு,
பாலிசிதாரர்