ஸ்கூட்டருக்கு ஏறுவது முதல் 100 யூனிட் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மின்சார ஸ்கூட்டரை வீட்டில் சார்ஜ் போட எந்த ஊரில் எவ்வளவு ஆகிறது என்று போன ஞாயிறு ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். முதல் 100 யூனிட் இலவசம் என்பதால் சென்னைக்காரர்களுக்கு வண்டி கிட்டத்தட்ட சும்மாவே ஓடுகிறதாம். அந்த வரியைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. 100 யூனிட் என்பது இரண்டு மாதத்துக்கு. ஃபிரிட்ஜும் நாலு ஃபேனும் ஓடுகிற வீட்டில் அது இரண்டு வாரம்கூடத் தாங்காது, வண்டிக்கு ஏறுகிற கரண்ட் அதற்கு மேலேதான் போய்ச் சேரும். உங்களுக்குத் தெரியாததா இது?

கணக்கையே சொல்கிறேன். இரண்டு மாதத்துக்கு 480 யூனிட் எரிக்கிற குடும்பத்துக்கு 2024 ஜூலைக் கட்டணப்படி பில் 1,679 ரூபாய். ஸ்கூட்டர் வந்து 70 யூனிட் கூடினால் 550 ஆகிறது. 500-ஐத் தாண்டியதும் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கு இருந்த 2.35 ரூபாய் ஸ்லாப், அதாவது விலைப் படி, காணாமல் போய்விடும், அந்த நூறு யூனிட்டுக்கும் 4.70 வைப்பார்கள், கடைசி ஐம்பதுக்கு 8.40. பில் 2,460. வண்டிக்கு மட்டும் 781 ரூபாய், யூனிட்டுக்குப் பதினோரு ரூபாய்க்கு மேல் விழுகிறது. கர்நாடகத்தில் 2024-லேயே ஸ்லாபை எடுத்துவிட்டு 5.90 என்று ஒரே விலை வைத்தார்கள், டெல்லியில் வண்டிக்கென்றே தனி இணைப்பு வாங்கினால் 4.50. கர்நாடகத்தில் எவ்வளவு எரித்தாலும் மாதாமாதம் கட்ட வேண்டிய நிலைக் கட்டணம் உண்டு, இங்கே வீடுகளுக்கு அதை எடுத்துவிட்டார்கள், அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சென்னைதான் மலிவு என்று ஒரே வரியில் முடிக்கிற விஷயமா இது?

அதுவும் சொந்த வீட்டுக்காரர் கணக்கு. தண்டையார்பேட்டையில் என்னைப் போல வாடகைக்கு இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். சப் மீட்டர் வைத்து ஹவுஸ் ஓனர் யூனிட்டுக்கு ஒன்பது ரூபாய் வாங்குகிறார், இலவச யூனிட்டெல்லாம் அவர் பில்லோடு சரி. இரண்டாவது மாடியிலிருந்து வயர் இறக்கி வண்டிக்கு சார்ஜ் போட்டால் மழைக்காலத்தில் பயம், கீழே பொது மீட்டரில் போட்டால் பக்கத்து வீட்டாரோடு சண்டை. லிஃப்ட் இல்லாத சின்ன அடுக்குமாடிகளுக்குப் பொது மீட்டர் கட்டணத்தை 2023-ல் 5.50 ஆகக் குறைத்தார்கள், அது நல்ல செய்தி, அதைப் பற்றியாவது ஒரு வரி எழுதியிருக்கலாம்.

இன்னொன்றும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்த நகரத்துக்குக் கரண்ட் கொடுத்த ஊர் எங்கள் வட சென்னை. பேசின் பிரிட்ஜ் மின் நிலையம், 2017-ல் மூடிய எண்ணூர் அனல்மின் நிலையம், அத்திப்பட்டில் வட சென்னை அனல்மின் நிலையம், வல்லூர் என்று எல்லாம் இந்தப் பக்கம்தான். சாம்பல் கொசஸ்தலையாற்றில், அங்கே மீனும் இறாலும் பிடித்துப் பிழைத்தவர்கள் வலையில். உங்கள் கட்டுரையில் பேசியவர்களோ அண்ணா நகரும் ஓ.எம்.ஆரும். மின்சார வண்டி என்றால் சொந்த பார்க்கிங் உள்ளவர்களுக்கு மட்டும் என்று முடிவு செய்துவிட்டீர்களா? எங்கள் தெருவில் சாப்பாடு டெலிவரி செய்கிற பையன்கள் பாதிப் பேர் மின்சார வண்டிதான் வைத்திருக்கிறார்கள், கரண்ட் விலை ஏறினால் அவர்கள் கூலி குறையும். வட சென்னை என்றால் வெட்டு குத்து, வெள்ளம், எண்ணெய்க் கசிவு, இதற்குத்தான் உங்கள் நிருபர் வருகிறார். அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு உங்கள் பேப்பர்தான், அதனால்தான் இவ்வளவு வருத்தம்.

அடுத்த ஞாயிறு ஒரு சின்ன அட்டவணை போடுங்கள், போதும். 500 யூனிட்டுக்குக் கீழே இருக்கும் வீடு, தாண்டிய வீடு, சப் மீட்டர் வாடகை வீடு, மூன்றுக்கும் 70 யூனிட் கூடினால் பில் எவ்வளவு ஏறும் என்று. பெங்களூரு, டெல்லி பக்கத்திலேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தண்டையார்பேட்டை, சென்னை.