நெல்லுக் கணக்கு நேராகிவிட்டது

தில்லி நண்பர்களுக்கும், ஊரிலிருந்து விடாமல் விசாரித்துக்கொண்டிருந்த உறவுகளுக்கும் வணக்கம்.

நாங்கள் செய்து அனுப்பிய இந்தியப் பொருளாதார அட்டவணையை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்! பர்டூ பல்கலைக்கழகத்திலிருந்து நேற்று இரவு மின்னஞ்சல் வந்தது. நடந்தது என்ன, யார் வேலையைப் பாதியில் விட்டுப் போனார்கள் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை. அதைத் திரும்பக் கிளற எனக்குத் தெம்பு இல்லை. நன்றி சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

"அப்படி என்னதான் வேலை பார்க்கிறே?" என்று இன்னும் கேட்கும் சித்திகளுக்காக இரண்டு வரி. அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் 1992 முதல் ஜிடாப் (GTAP) என்ற உலக வணிக ஆய்வுத் திட்டம் இயங்குகிறது. அதன் தரவுத்தளத்தின் 11ஆம் பதிப்பில் 141 நாடுகள் தனித்தனியாகவும் மற்றவை 19 தொகுதிகளாகவும் இருக்கின்றன. ஒவ்வொரு நாட்டின் பொருளாதாரத்தையும் 65 துறைகளாகப் பிரித்து, எந்தத் துறை எதனிடம் எவ்வளவு வாங்கியது என்று கட்டம் கட்டி வைத்திருப்பார்கள். அந்தந்த நாட்டு அட்டவணையைப் பெரும்பாலும் என்னைப் போன்றவர்கள்தான் தயாரித்துக் கொடுக்கிறோம். கொடுத்தவருக்குத் தரவுத்தளம் இலவசம், ஆவணத்தில் பெயரும் வரும். ஒரு துறையின் வரவும் செலவும் பைசா சுத்தமாக நேராக வேண்டும், இல்லாவிட்டால் திரும்பி வந்துவிடும்.

எங்களுடையது அரிசியில் சிக்கியது. ஜிடாப்பில் நெல் ஒரு துறை, அரைத்த அரிசி வேறு துறை. நம் புள்ளியியல் அமைச்சகத்தின் அட்டவணையில் 140 பொருட்கள், 66 தொழில்கள். அதிலிருந்து பிரித்துக் கொண்டுவர வேண்டும். வயலிலிருந்து புறப்பட்ட நெல்லுக்கும் ஆலைகள் வாங்கியதாகக் காட்டிய நெல்லுக்கும் ஏணி வைத்தாலும் எட்டவில்லை. நெல் கிளம்புகிறது, போய்ச் சேர்ந்த இடத்தைக் காணோம்.

இதைத்தான் ஒரு சாயங்காலம் ஆர்.கே.புரத்தில், மளிகைக்கடை வாசலில் நின்றபடி தோழியிடம் போனில் புலம்பிக்கொண்டிருந்தேன். இட்லி அரிசியை நிறுத்துக்கொண்டிருந்த அண்ணாச்சி, "என்ன தங்கச்சி, நெல்லுக் கணக்கு ஒதைக்குதோ? என் மச்சான் அம்பாசமுத்திரத்துல ரைஸ் மில் வச்சிருக்கான். பேசுதீங்களா?" என்றார். அவருக்கு நான் யார், எங்கே வேலை என்று எதுவும் தெரியாது. மாதத்துக்கு ஒருமுறை அப்பளமும் புளியும் வாங்கிப் போகிறவள், அவ்வளவுதான்.

நான் தலையாட்டுவதற்குள் வீடியோ அழைப்பு போட்டுவிட்டார். அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல், கையில் அவருடைய போன். என்னைச் சுற்றிக்கொண்டு வந்துதான் வாடிக்கையாளர்கள் சாமான் வாங்கினார்கள். அண்ணாச்சி ஒரு முறைகூட முகம் சுளிக்கவில்லை. மச்சான்காரர் இயந்திரச் சத்தத்துக்கு மேல் கத்திக்கொண்டே ஆலையைச் சுற்றிக் காட்டினார். ஊறல் தொட்டி, அவிக்கிற கலன், பாய்லர் வாயில் கூடை கூடையாக உமி. "உமிய விலை கொடுத்தா வாங்குதோம்? நம்ம நெல்லுல வந்தது, நம்ம அடுப்புக்கே போகுது. இதுக்கெல்லாம் பில்லு கிடையாது." தவிடு எண்ணெய் எடுக்கிற ஆலைக்குப் போகும், எண்ணெய் எடுத்த புண்ணாக்கு மாட்டுத் தீவனத்துக்கு. எனக்கு இவை மூன்று வேறு துறைகள். அவருக்கு ஒரே கொட்டகையின் நாலு மூலை.

அப்புறம்தான் இரண்டு நோட்டுகளை எடுத்துக் காட்டினார். ஒன்று சொந்தமாக வாங்கி அரைப்பது. மற்றது நுகர்பொருள் வாணிபக் கழகத்து நெல். "நூறு கிலோ நெல்லுக்கு அறுபத்தெட்டு கிலோ புழுங்கல் அரிசி திருப்பிக் கொடுக்கணும். எனக்கு அரவைக் கூலி மட்டும்தான். நெல்லும் நம்மது இல்ல, அரிசியும் நம்மது இல்ல. சாக்குகூட அவங்களுது."

எனக்குப் பொட்டில் அறைந்த மாதிரி இருந்தது. கூலிக்கு அரைக்கிற ஆலை தன் கணக்கில் கூலியை மட்டும்தான் வரவு வைக்கும். அரசு கொள்முதல் செய்த நெல் அந்த ஆலை வழியாகப் போனாலும் அதன் புத்தகத்தில் ஏறாது. கழகமும் இந்திய உணவுக் கழகமும் வெளியிடும் கொள்முதல் அளவுகள் பொதுவில் இருப்பவைதான். அவற்றை எந்தக் கட்டத்தில் உட்கார வைப்பது என்பதுதான் பிடிபடாமல் இருந்தது. கூலி அரவையைத் தனியாகப் பிரித்து, அந்த அரிசியின் முழு மதிப்பையும் அரிசித் துறைக்குள் கொண்டுவந்ததும் காணாமல்போன நெல் கிடைத்துவிட்டது.

ஒரு கட்டத்துக்கா இவ்வளவு பாடு என்று கேட்கலாம். உலக அரிசி ஏற்றுமதியில் சுமார் 40 சதவீதம் இந்தியாவுடையது. 2022 செப்டம்பரில் நாம் குருணை ஏற்றுமதியை நிறுத்தினோம், 2023 ஜூலையில் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியையும். அப்படிச் செய்தால் குருணைச் சோறு சாப்பிடும் செனகலில் விலை எவ்வளவு ஏறும் என்று எங்கோ ஒருவர் கணக்குப் போடும்போது அவர் கையில் இருப்பது இந்த மாதிரிக் கட்டம்தான். அதில் பாதி நெல் காணாமல்போயிருந்தால் விடையும் அப்படித்தான் வரும்.

ஆவணத்தில் அண்ணாச்சியின் பெயரையும் மச்சானின் பெயரையும் போடுகிறேன் என்று சொன்னேன். "ஐயய்ய, வேண்டாம் தங்கச்சி. அதைப் பாத்துட்டு ஜிஎஸ்டிக்காரன் வந்துறப் போறான்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். அதனால்தான் இங்கேயும் பெயர் இல்லை. அன்றைக்கு வாங்கிய இட்லி அரிசிக்கு மட்டும் காசு சரியாக வாங்கிக்கொண்டார், அது வேறு விஷயம்.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். வாங்குபவர் கொடுக்கும் விலையிலிருந்து வரியையும் வணிகர் லாபத்தையும் எப்படிப் பிரிப்பது என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்த மயூர் விஹார் மாமா, ஓய்வு பெற்றும் அந்த மனிதருக்குப் புள்ளியியல் விடவில்லை. போனை எடுத்துப் பதில் சொன்ன அமைச்சக அதிகாரிகள் (எடுத்ததே பெரிசு). இரவெல்லாம் விளக்கை அணைக்காமல் விட்ட காவலாளி பையா. ரசம் சாதம் கொடுத்தனுப்பிய எதிர்வீட்டு அக்கா. ஒவ்வொரு பிழையையும் மரியாதையாகவே சுட்டிக்காட்டிய பர்டூ குழுவினர். எல்லோருக்கும் நன்றி.

இனி எந்த அட்டவணை செய்தாலும், அந்தத் தொழிலைக் கையால் செய்கிற ஒருவரிடமாவது பேசாமல் அனுப்புவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். கூலி அரவைக் கணக்கை எப்படிப் பிரித்தேன் என்பதையும் விவரமாக எழுதிப் பொதுவில் வைக்கப் போகிறேன். அடுத்து வருகிறவர் ஸ்டூல் தேட வேண்டாம்.

அடுத்தது கரும்பு. சர்க்கரை ஆலைக்குப் போவது எவ்வளவு, வெல்லம் காய்ச்சப் போவது எவ்வளவு என்பதில் இப்போதே இடிக்கிறது. வெல்ல ஆலை வைத்திருக்கும் மாமன், மச்சான் யாருக்காவது இருந்தால் சொல்லுங்கள், நானே போன் செய்கிறேன்.