அம்பாசடர் எஞ்சினைக் கெடாத எஞ்சின் என்று எழுதாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் பழைய கார்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நன்றாகத்தான் இருந்தது, எங்களைப் போன்ற பழைய ஆட்களுக்கு டீக்கடையில் பேச விஷயம் கிடைத்தது. ஆனால் அம்பாசடரின் பெட்ரோல் எஞ்சின் சாகவே சாகாது, இன்றைய எஞ்சினெல்லாம் அதன் கால் தூசுக்குச் சமம் என்கிற தொனியில் எழுதியிருந்ததையும், பக்கத்தில் போட்டிருந்த படத்தையும் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. படத்தில் டிக்கி மேல் 1800 ஐ.எஸ்.இசட். என்று பளிச்சென்று தெரிகிறது. அது 1992-க்குப் பிறகு வந்த இசுசு எஞ்சின் வண்டி. 1817 சி.சி., ஓவர்ஹெட் கேம்ஷாஃப்ட், ஐந்து கியர். கட்டுரை புகழ்ந்ததோ அதற்கு முந்தைய 1489 சி.சி. எஞ்சினை. இரண்டும் ஒரே மாதிரி பாடிக்குள் உட்கார்ந்திருந்தன என்பதைத் தவிர ஒட்டும் கிடையாது உறவும் கிடையாது.

நான் எஞ்சின் ரீபோர் பட்டறை, அதாவது தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கிப் பெரிய பிஸ்டன் போடும் பட்டறை வைத்திருந்தவன். இந்த 1489 பிளாக்கைப் போர் பண்ணியே பிள்ளைகளைப் படிக்க வைத்தேன் என்று சொன்னால் மிகையில்லை. கெடாத எஞ்சினாக இருந்திருந்தால் எனக்கு எங்கிருந்து வேலை வந்திருக்கும்?

அந்த எஞ்சினை மட்டம் தட்டுவதற்காக இதை எழுதவில்லை. அது நல்ல வீட்டுப் பிள்ளை. இங்கிலாந்தில் ஆஸ்டின் கம்பெனி 1947-ல் ஏ40 காருக்குச் செய்த 1200 சி.சி. எஞ்சின்தான் அதன் மூலம். 1952-ல் ஆஸ்டினும் மோரிஸும் சேர்ந்து பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) ஆன பிறகு அதைப் பெரிதாக்கி, பி சீரிஸ் என்று பெயர் வைத்து, குடும்பக் கார் முதல் எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் கார் வரை எல்லாவற்றிலும் மாட்டினார்கள். ஜப்பானில் நிஸான் கம்பெனி லைசென்ஸ் வாங்கி ஆஸ்டின் கார் செய்துகொண்டிருந்தபோது இதே எஞ்சினை எடுத்து, 73 மி.மீ. போரை (சிலிண்டரின் விட்டம்) அப்படியே விட்டுவிட்டு 89 மி.மீ. ஸ்ட்ரோக்கை (பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் தூரம்) மட்டும் 59 ஆகக் குறைத்து, 988 சி.சி. சின்ன எஞ்சினாக்கி டாட்சனில் போட்டது. நம்மூருக்கு அது வந்தது மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழியாக. மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் அம்பாசடர் செய்ய ஆரம்பித்தபோது அதில் இருந்தது 1476 சி.சி. சைடு வால்வு எஞ்சின், வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் இருப்பது. அப்புறம்தான் வால்வுகள் மேலே இருக்கிற 1489 ஓவர்ஹெட் வால்வு எஞ்சின் உள்ளே வந்தது. வந்தது, வந்தபடியே முப்பது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்துவிட்டது. பிரச்சினையே அங்கேதான்.

முதலில் அதன் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பிளாக்கும் (சிலிண்டர்கள் இருக்கும் அடிப்பாகம்) ஹெட்டும் (வால்வுகள் இருக்கும் மேல்பாகம்) வார்ப்பிரும்பு. ரேடியேட்டரில் தண்ணீர் வற்றிக் கொதித்த வண்டியில்கூட, அலுமினிய ஹெட் மாதிரி உடனே வளைந்து கையை விரித்துவிடாது, பெரும்பாலும் கேஸ்கெட்டோடு போகும். கேம்ஷாஃப்ட் பிளாக்குக்குள்ளேயே இருக்கிறது, செயினில் ஓடுகிறது, பெல்ட் அறுந்து வால்வு வளைந்தது என்கிற பேச்சே கிடையாது. கம்ப்ரஷன் குறைவு, அதனால் மட்டமான பெட்ரோலையும், ஏன், மண்ணெண்ணெய் கலந்ததையும்கூட முனகிக்கொண்டே குடித்துவிடும். ஸ்ட்ரோக் நீளம் என்பதால் டாப் கியரில் மாட்டு வண்டி பின்னால் ஊர்ந்துவிட்டு ஆக்ஸிலேட்டரை மிதித்தாலும் இழுக்கும். குதிரைத்திறன் என்று பார்த்தால் ஐம்பதைச் சுற்றித்தான், அதை வைத்துக்கொண்டு ஒரு டன்னுக்கு மேல் இருக்கிற வண்டியையும், அதில் ஏறிய முழுக் கல்யாண கோஷ்டியையும் இழுத்தது. சரி, இழுத்தது என்பது உண்மை.

டேப்பெட் வைக்கிற வேலையை, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவில் உள்ள இடைவெளியைச் சரிசெய்கிற வேலையை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த எஞ்சின் யாருக்காகச் செய்யப்பட்டது என்பது அதில் தெரிந்துவிடும். மேல் மூடியைக் கழற்றினால் எட்டு வால்வும் ஒரே வரிசையில் நிற்கும். பிளக்குகளைக் கழற்றிவிட்டு முன்பக்கம் ஹேண்டில் போட்டு மெதுவாகச் சுற்ற வேண்டும். எட்டாவது வால்வு முழுசாக அழுங்கி நிற்கும்போது ஒன்றாவதை வைக்கணும். ஆறாவது அழுங்கினால் மூன்றாவது. நான்காவது அழுங்கினால் ஐந்தாவது. அழுங்கிய நம்பரையும் வைக்கிற நம்பரையும் கூட்டினால் ஒன்பது வரணும், அவ்வளவுதான் கணக்கு. ஃபில்லர் கேஜில் 15 தவ் (ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தகட்டை ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவில் விட்டால் லேசான பிடிப்போடு வழுக்கி வரணும். பள்ளிக்கூடம் பார்க்காத பையன்கூட இதை ஒரு மத்தியானத்தில் கற்றுக்கொண்டு சாயங்காலம் தனியாகச் செய்வான். பிளக்குக்குத் தீப்பொறி தரும் கான்டாக்ட் பாயிண்ட் தேய்ந்தால் ரோட்டு ஓரத்திலேயே உப்புத்தாள் போட்டுத் தேய்த்து ஓட்டலாம். கோடையில் பெட்ரோல் பம்பில் ஏர் லாக் ஆகி வண்டி நின்றால், ஈரத்துணியைச் சுற்றிவிட்டு ஒரு டீ குடித்து வந்தால் கிளம்பிவிடும்.

கவனியுங்கள், இவ்வளவும் "கெட்டால் எப்படிச் சரிசெய்வது" என்கிற கதைதான். கெடவில்லை என்கிற கதை இல்லை. கட்டுரையாளர் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிட்டார். ஈரத்துணி சுற்றிக் கிளப்பினோம் என்று பெருமையாகச் சொல்கிறோமே, நடுரோட்டில் வேர்வை வழிய நின்ற கதையை அதிலிருந்து கழித்துவிட்டுத்தானே சொல்கிறோம்.

இனி அதன் நோய்களுக்கு வருகிறேன். பிஸ்டன்கள் சுழற்றுகிற தண்டான கிராங்க் ஷாஃப்டின் பின்முனையில் இன்றைய எஞ்சின்களில் இருப்பது மாதிரி ரப்பர் ஆயில் சீல் இதில் கிடையாது. மரை மாதிரி ஒரு சுருள் காடி வெட்டியிருப்பார்கள். ஷாஃப்ட் சுற்றும்போது அந்தக் காடி ஆயிலை உள்பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். சாமர்த்தியமான யோசனைதான், புது எஞ்சினில். ஷாஃப்டைத் தாங்கும் மெயின் பேரிங் கொஞ்சம் தேய்ந்து ஷாஃப்ட் ஒரு முடி அளவு கீழே இறங்கினால் போதும், காடிக்கும் அதைச் சுற்றியிருக்கும் கூட்டுக்கும் நடுவில் இடைவெளி கூடி ஆயில் பின்னால் வழியும். கிளட்ச் பிளேட் நனையும். மேட்டில் ஏறும்போது எஞ்சின் கத்தும், வண்டி நகராது. கிளட்ச்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங் அடியில் ஒரு ஓட்டை, அதில் அடைப்பு வராமல் இருக்க ஒரு காட்டர் பின் தொங்கும். அந்தக் காலத்து பி.எம்.சி. கார்களின் பழக்கம் அது. ஆயில் வரும் என்று தெரிந்தே, வெளியே போக வழி செய்து கொடுத்திருக்கிறார்கள். எவ்வளவு நேர்மை பாருங்கள்!

அப்புறம் கிராங்கைத் தாங்குவது மூன்றே மெயின் பேரிங். மெதுவாக ஓடுகிற காலத்தில் இது போதும். நாலு வழிச் சாலை வந்து, டிரைவர்கள் மணிக்கணக்கில் மிதித்தே ஓட்ட ஆரம்பித்த பிறகு பட்டறைக்கு "சவுண்டு வருது அண்ணே" என்று வந்த வண்டிகளைப் பிரித்துப் பார்த்தால் நடு பேரிங்தான் முதலில் போயிருக்கும். ஹெட்டிலும் சிக்கனம்: நான்கு சிலிண்டருக்கு இன்டேக் வழி இரண்டே இரண்டு, எக்ஸாஸ்ட் வழி மூன்று, எல்லாம் ஒரே பக்கம். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள் ஒரே வாசலில் காற்றுக்கு அடித்துக்கொள்ளும். வேகம் கூடக் கூட மூச்சு திணறுவது இதனால்தான், டிரைவர் எவ்வளவு மிதித்தாலும் பயனில்லை. சிலிண்டர் தேய்மானமும் அதிகம். என்னிடம் வந்தவற்றில் பெரும்பாலானவை லட்சம் கிலோமீட்டரைத் தாண்டாமலே புகை தள்ளி, ஆயில் குடித்து, போர் பண்ண வந்தவை. 10 தவ், 20, 30, 40 என்று ஓவர் சைஸ் பிஸ்டன் போட்டு, அதுவும் தீர்ந்தால் சிலிண்டருக்குள் புது இரும்புக் குழாயாக ஸ்லீவ் இறக்கி, மறுபடி ஸ்டாண்டர்டில் இருந்து தொடங்குவோம். ஒரே பிளாக் நாலு தடவை பிழைத்து எழுந்ததைத்தான் ஜனங்கள் "சாகாத எஞ்சின்" என்று சொல்கிறார்கள் என்று நினைக்கிறேன். இன்று வருகிற சாதாரண நாலு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், ஆயிலை நேரத்துக்கு மாற்றினால், ஹெட்டைத் திறக்காமலே இரண்டு லட்சம் ஓடுகிறது. அதைப் பார்த்துப் பொம்மை என்பதில் என்ன நியாயம்?

இந்தக் குறைகள் செய்தவர்களுக்குத் தெரியாதவை அல்ல. இங்கிலாந்தில் 1964-லேயே எம்.ஜி.பி. காரின் 1800 எஞ்சினுக்கு ஐந்து மெயின் பேரிங் வைத்துவிட்டார்கள், அந்த ஐந்து பேரிங் எஞ்சின்களில்தான் பின்முனைக்கு ஒழுங்கான ரப்பர் சீலும் வந்தது. அதே குடும்பத்து எஞ்சின், அங்கே வளர்ந்தது. இங்கே மார்க் 2, மார்க் 3, மார்க் 4 என்று கிரில் மாறியது, இண்டிகேட்டர் மாறியது, 1489 பெட்ரோல் எஞ்சின் அதே மூன்று பேரிங்கோடு ஓடியது. கார் வாங்க வருஷக்கணக்கில் காத்திருந்த காலம், போட்டிக்கு ஆள் குறைவு, யார் கேட்கப் போகிறார்கள்? மாறாமலே இருந்ததில் ஒரு லாபம் இருந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. சென்னை புதுப்பேட்டை உதிரிபாகச் சந்தையில் எந்த வருஷத்துப் பிஸ்டன் வாங்கினாலும் எந்த வருஷத்து வண்டிக்கும் பொருந்தியது. எங்களுக்கு வசதி. காசு கொடுத்து வண்டி வாங்கியவருக்கு வசதியா என்றால், எனக்குச் சந்தேகம்தான்.

கட்டுரையில் விட்டுப்போன ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன், ஏனென்றால் இன்னமும் இந்த வண்டியை ஆசையாக வைத்திருப்பவர்கள் உங்கள் பத்திரிகையைப் படிப்பார்கள். இந்த எஞ்சினின் வால்வு சீட், அதாவது வால்வு மூடும்போது உட்காரும் இடம், தனியாகப் பதித்ததல்ல, ஹெட்டின் இரும்பிலேயே நேராக வெட்டியது. ஈயம் கலந்த பெட்ரோல் இருந்தவரை அந்த ஈயம் சீட்டின் மேல் மெல்லிய பூச்சாகப் படிந்து அடியைத் தாங்கியது. நம் நாட்டில் 2000 பிப்ரவரியோடு அந்தப் பெட்ரோல் முழுக்க நின்றுவிட்டது. அதன் பிறகு எக்ஸாஸ்ட் சீட் மெல்ல மெல்ல அரித்து, வால்வு மேலே ஏறி, டேப்பெட் இடைவெளி குறைந்துகொண்டே வரும். டேப்பெட் சத்தம் போட்டால் பயப்பட வேண்டாம். "டக் டக்" என்று கேட்டுக்கொண்டிருந்த எஞ்சின் ஏதோ ஒரு மாதம் திடீரென்று அமைதியாகிவிட்டால் சந்தோஷப்படாமல் உடனே மூடியைக் கழற்றிப் பாருங்கள், வால்வு எரிவதற்கு முந்தைய கட்டம் அது. ஹெட்டை இறக்கும்போதே எக்ஸாஸ்டுக்குக் கெட்டியான சீட் பதிக்கச் சொல்லிவிடுங்கள், ஒரு தடவை செலவோடு போகும்.

இப்போது பெட்ரோல் பங்கில் வருவது இருபது சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் ஹோஸ், பெட்ரோல் பம்பின் டயஃப்ரம் எல்லாம் அதில் இளகும். ஹோஸை விரலால் அழுத்திப் பாருங்கள், பிசுபிசுவென்று கறுப்பு ஒட்டினால் அன்றைக்கே மாற்றுங்கள், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பக்கத்திலேயே கார்புரேட்டர் இருக்கிற எஞ்சின் இது, ஒழுகினால் விளையாட்டில்லை. எத்தனாலால் மிக்ஸ்சர் மெலிந்து போகும் என்பதால் கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சின்னத் துளையான மெயின் ஜெட்டை ஒரு அளவு கூட்டி வைப்பது நல்லது, இல்லாவிட்டால் ஏற்கெனவே சொன்ன எக்ஸாஸ்ட் வால்வுதான் அதன் சூட்டையும் வாங்கும். வண்டியை மாசக்கணக்கில் ஷெட்டில் நிறுத்துவதாக இருந்தால் டேங்கில் பெட்ரோலை விட்டுவைக்காதீர்கள், எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், டேங்க் உள்ளே துருப்பிடித்து அந்தத் துரு நேராக ஜெட்டுக்கு வரும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பட்டறைக்காரன்,
திருச்சி