இரவில் எந்த மருத்துவமனையில் என்ன இருக்கிறது?

மாவட்ட மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இணை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த மாசி மாதத்தில் ஒரு விடியற்காலை ஐந்து மணிக்குப் பால் வாங்கி வைத்த என் தந்தையார், பத்து நிமிடம் கழித்துக் காப்பி டம்ளரைக் கையில் நிறுத்த முடியாமல் தரையில் நழுவவிட்டார். என்னவென்று கேட்ட அம்மாவுக்கு அவர் சொன்ன பதில் குழறியது; வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. பக்கவாதம் என்பது எங்களுக்கு உடனே புரிந்தது. எங்கே போவது என்பதில்தான் தவறினோம். தெருமுனையில் "24 மணி நேர அவசர சிகிச்சை" என்று சிவப்பு விளக்கெரியும் தனியார் மருத்துவமனை இருந்ததால், 108-ஐக்கூட அழைக்காமல் ஆட்டோவில் அங்கே கொண்டுபோனோம். இரவுப் பணியிலிருந்த செவிலியர் ரத்த அழுத்தம் பார்த்து, குளுக்கோஸ் ஏற்றி, மருத்துவருக்குத் தொலைபேசியில் தகவல் சொன்னார். ஏழே முக்காலுக்கு வந்த மருத்துவர், இங்கே சி.டி. ஸ்கேன் கிடையாது, மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள் என்றார். அங்கே ஸ்கேன் எடுத்து முடித்தபோது மணி 9.50.

அந்தச் செவிலியர் மீது எனக்கு வருத்தமில்லை. தம்மால் இயன்றதை அவர் செய்தார். ஆனால் மூளையின் ரத்தக் குழாய் அடைபட்டாலும், வெடித்துக் கசிந்தாலும் வெளியே தெரியும் அறிகுறி ஒன்றேதான். ஸ்கேன் இல்லாமல் எது எதுவென்று எவராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அடைப்புதான் என்று உறுதியானால் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை, தகுதியுள்ள நோயாளிக்கு, நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். மருத்துவக் கல்லூரியில் கேட்ட முதல் கேள்வியே, கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதுதான். பால்காரர் வந்த நேரத்தை வைத்து அம்மா ஐந்து மணி என்றார். கெடு இருபது நிமிடத்தில் தவறியிருந்தது.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் முறைப்படுத்தும் சட்டம் 1997-இலும் அதன் விதிகள் 2018-இலும் வந்துவிட்டன. தனியார் மருத்துவமனைகளைப் பதிவு செய்வது உங்கள் அலுவலகம். "24 மணி நேரம்" என்று பலகை வைத்திருக்கும் ஒவ்வொரு மருத்துவமனையும், இரவில் மருத்துவர் வளாகத்திலேயே இருக்கிறாரா, அழைத்தால்தான் வருவாரா, இ.சி.ஜி. எடுத்தால் அதைப் படித்துச் சொல்ல ஆள் உண்டா, சி.டி. ஸ்கேன் இரவிலும் இயங்குமா என்பவற்றை வாசலில் தமிழில் எழுதி வைக்குமாறு ஆணையிடுங்கள். அரசு மருத்துவமனைகளுக்கும் இது பொருந்த வேண்டும். சம்பா அறுவடைக் காலத்தில் பாம்புக்கடி இங்கே புதிதல்ல. விஷமுறிவு மருந்து கையிருப்பில் இருக்கிறதா, விஷம் ரத்தத்தைப் பாதித்திருக்கிறதா என்றறிய, கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்து 20 நிமிடத்தில் உறைகிறதா என்று பார்க்கும் சோதனையை இரவில் செய்வார்களா என்பது வயலில் இறங்கும் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டியது.

எங்கள் பங்கை நாங்கள் தொடங்கிவிட்டோம். தெருவில் பத்தொன்பது வீடுகளில் அடுக்களை அலமாரிக் கதவின் உட்புறம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. வீட்டிலுள்ளவர் சாப்பிடும் மாத்திரைகளின் பெயரும் அளவும், ஒவ்வாத மருந்து, 108, கார் வைத்திருக்கும் அண்டை வீட்டார் எண், அடியில் "கடைசியாக நன்றாக இருந்த நேரம்" என்றொரு காலிக் கட்டம். சர்க்கரை நோயாளி இருக்கும் வீட்டில் குளுக்கோமீட்டர் வாங்கச் சொன்னோம். சர்க்கரை தாழ்ந்தாலும் பேச்சு குழறும் என்பது பலருக்குத் தெரிந்திருக்கவில்லை. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் எல்லா வீட்டிலும் உண்டு.

ஒன்றில் மட்டும் தடுமாறினோம். 2023-இல் வந்த இதயம் காப்போம் திட்டத்தில், மாரடைப்பு அறிகுறியோடு வருபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் 14 மாத்திரைகள் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அதே மாத்திரைகளை வீட்டில் வாங்கி வைத்துக்கொள்ளலாமே என்று சிலர் கிளம்பினார்கள். அதில் ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரினும் உண்டு. என் தந்தையாருக்கு வந்தது ரத்தக் கசிவாக இருந்து, நாங்களும் அவசரத்தில் அதைக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்லித்தான் அவர்களை நிறுத்த முடிந்தது. பக்கவாத அறிகுறி கண்டவருக்கு மாத்திரையோ தண்ணீரோ வாயில் ஊற்றக்கூடாது என்பதையும் தாளில் சேர்த்தோம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாதந்தோறும் ரத்த அழுத்த மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலரே இந்தத் தாளை நிரப்பித் தரும்படி நீங்கள் பொது சுகாதாரத் துறையிடம் பேசினால், படிக்கத் தெரியாத வீடுகளுக்கும் அது போய்ச் சேரும்.

எங்கள் பேரூராட்சியைச் சுற்றி 15 கிலோமீட்டருக்குள் உள்ள ஏழு மருத்துவமனைகளின் பட்டியலை இத்துடன் இணைத்திருக்கிறேன். மூன்றுக்கு நேரில் போய் விசாரித்து விவரம் எழுதியிருக்கிறோம். மற்ற நான்கிலும் கேட்டவர்களுக்குப் பதில் கிடைக்கவில்லை. அந்தக் கட்டங்களை நீங்கள் நிரப்பி அனுப்பினால் பத்தொன்பது கதவுகளிலும் ஒட்டிவிடுவோம்.

இப்படிக்கு,
கடைமடைப் பேரூராட்சி ஒன்றின் குடியிருப்பாளர்